நிலாவில் இறங்கிய அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன படித்தார்கள்?

பாலக்கோடு மண்டிக்காரன் · ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். தக்காளி விலை, பஸ் நேரம் இவற்றைத் தவிர வேறெதற்கும் நான் இங்கே எழுதியதில்லை. இது என் தங்கச்சிக்காக.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6:04-க்குச் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா துடுப்பைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்துவிட்டார். நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்க, அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தங்கச்சி மட்டும், "அண்ணா, அங்க வரிசையா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்காங்களே, அவங்க வேலைக்குப் பேர் என்ன?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அரசு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருடம். அந்தக் கேள்வி இன்னும் அவளை விடவில்லை. ராக்கெட் செய்வது இல்லையாம், மேலே போன விண்கலத்தைக் கீழேயிருந்து இயக்குவதுதான் வேண்டுமாம். அதிலேயே ஆராய்ச்சி, பிஎச்டி, பிறகு பேராசிரியர் வேலை என்கிறாள். மாமா குரூப் தேர்வு எழுதச் சொல்கிறார். சித்தப்பா ஓசூர் கம்பெனி ஒன்றில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். ஏரோஸ்பேஸ் மாஸ்டர்ஸுக்கு 18 லட்சம் எடுத்து வையுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர்.

இப்படி ஒரு படிப்பு உண்மையிலேயே இருக்கிறதா? எங்களைப் போன்ற வீட்டிலிருந்து ஒரு பெண் அதற்குப் போக முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாய் · ஞாயிறு, இரவு 10:05

திருவனந்தபுரம் பக்கத்தில் வலியமலாவில் ஐஐஎஸ்டி என்று விண்வெளிப் படிப்புக்கான கல்வி நிறுவனம் இருக்கிறது. 2007-ல் இதற்கென்றே தொடங்கியது. ஆனால் பி.டெக்குக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு வேண்டும், உங்கள் தங்கச்சிக்கு அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதினால் அங்கேயே எம்.டெக் சேரலாம்.

ஓசூர் பழைய ஷிப்ட் · ஞாயிறு, இரவு 11:20

தம்பி, உங்கள் தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. அந்த வேலைக்குப் பெயர் மிஷன் ஆபரேஷன்ஸ். நான் பெங்களூரில் தரைநிலைய வேலையில் 29 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏவுதளத்தில் நெருப்பும் புகையும் கிளம்புவதோடு ராக்கெட்காரர்களின் வேலை கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்தச் செயற்கைக்கோள் ஐந்து வருடம், பத்து வருடம் மேலே சுற்றும். அவ்வளவு காலமும் அதைப் பார்த்துக்கொள்பவர்கள்தான் அந்தத் திரைக்கு முன்னால் இருப்பவர்கள். நம் நாட்டில் அதற்கான அமைப்பு இஸ்ரோவின் இஸ்ட்ராக், தலைமையகம் பெங்களூர் பீன்யா. லக்னோ, போர்ட் பிளேர், மொரீஷியஸ், புருனே, இந்தோனேசியாவின் பியாக் என்று பல இடங்களில் அதற்குத் தரைநிலையங்கள் உண்டு. நிலாவுக்கும் செவ்வாய்க்கும் போகும் கலங்களோடு பேசுவதற்குப் பெங்களூருக்கு வெளியே பியாலாலு கிராமத்தில் 18 மீட்டர், 32 மீட்டர் தட்டு ஆன்டெனாக்கள்.

தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று ஒரு தரைநிலையத்தின் வானத்தைக் கடக்க எடுத்துக்கொள்வது அதிகம் போனால் 10, 12 நிமிடம். அதை பாஸ் என்போம். அந்த நேரத்துக்குள் கோளின் உடல்நிலையைச் சொல்லும் டெலிமெட்ரியை வாங்க வேண்டும், கமாண்ட் அனுப்ப வேண்டும், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். மறுபடி பேச வேண்டுமென்றால் அடுத்த சுற்று, சுமார் 100 நிமிடம் கழித்து. அதுவும் பூமி சுழன்றுவிடுவதால் எல்லாச் சுற்றிலும் நம் தலைக்கு மேல் வராது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். 2:40 பாஸ். ஒரு பேட்டரியின் வெப்பநிலை வழக்கத்தைவிட 6 டிகிரி கூடுதலாக வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த புதுப் பையன் உடனே ஹீட்டரை அணைக்கும் கமாண்டை எடுத்துவிட்டான். ஷிப்ட் தலைவர் அவன் கையைப் பிடித்தார். "பேட்டரி சூடானா வோல்டேஜ் அசையணும். அசைஞ்சிருக்கா?" அசையவில்லை. பக்கத்து சென்சாரும் அசையவில்லை. அந்த பாஸில் எந்தக் கமாண்டும் அனுப்பவில்லை. அடுத்த பாஸ் வரைக்கும் யாரும் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. கடைசியில் பார்த்தால் கெட்டுப்போனது சென்சார்தான். ஹீட்டரை அணைத்திருந்தால் நன்றாக இருந்த பேட்டரி நிழல் பகுதியில் குளிர்ந்துபோயிருக்கும்.

ஆகஸ்ட் 23 அன்று நீங்கள் பார்த்ததைப் பற்றியும் ஒன்று. தானாக இறங்கும் வரிசைக்கான உத்தரவு 5:44 வாக்கில் போய்விட்டது. அதற்கப்புறம் அந்த 19 நிமிடமும் லேண்டர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. அறையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய மாதங்களில், நூற்றுக்கணக்கான ஒத்திகைகளில் முடிந்துவிட்டது.

பாலக்கோடு மண்டிக்காரன் · திங்கள், காலை 5:15

ஐயா, மண்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் படித்தேன். தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். "வோல்டேஜ் அசைஞ்சிருக்கா" என்ற வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். ஆனால் இது வேலை இல்லையா ஐயா? இதில் ஆராய்ச்சி என்று என்ன இருக்கிறது?

காரிமங்கலத்துக்காரி · திங்கள், பிற்பகல் 2:30

அண்ணா, அதை நான் சொல்கிறேன். சொந்த ஊர் காரிமங்கலம். பள்ளி முழுக்கத் தமிழ்வழி, அப்புறம் ஈசிஇ. இப்போது ஜெர்மனியில் இதே துறையில் பிஎச்டி நான்காம் வருடம். ஐயா சொன்ன அந்த ராத்திரியையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கோளில் ஆயிரக்கணக்கான அளவீடுகள். கெட்டது சென்சாரா பேட்டரியா என்று மனிதர்களுக்கு முன்னால் கணினி கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தாலும் அதை நம்பிக் கமாண்ட் அனுப்பலாமா? இது ஓர் ஆராய்ச்சி. ஓர் ஆன்டெனா, இருபது கோள்கள் என்றால் எந்த பாஸை யாருக்குக் கொடுப்பது? இது இன்னொன்று. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 மீது செத்துப்போன ரஷ்யக் கோளான காஸ்மாஸ் 2251 மோதியது. அதிலிருந்து உடைந்தவை இன்றும் சுற்றுகின்றன. இன்று கோள்களை இயக்குகிறவர்களுக்கு மோதல் எச்சரிக்கை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விலகினால் எரிபொருள் தீரும், அதாவது கோளின் ஆயுள் குறையும். விலகாமல் விட்டால் ஒருநாள் மோதும். எந்த எச்சரிக்கைக்கு விலகுவது என்பதில் மட்டும் எத்தனையோ பிஎச்டிகள் வந்திருக்கின்றன, இன்னும் வரும்.

என் தலைப்பு வேறு. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சேர்ந்தபோது, அங்கிருந்து ஒரு செய்தி இங்கே வரவே சுமார் 12 நிமிடம் ஆனது. ஏறக்குறைய 300 நாள் தூங்கிய என்ஜினை மறுபடி பற்றவைக்க வேண்டும். போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால், 22-ஆம் தேதி, சுமார் 4 நொடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். 24-ஆம் தேதி எரிப்பின்போது கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தும் போனது. அப்போது எதையும் இங்கிருந்து திருத்த முடியாது. அப்படியானால் கலத்தின் முடிவுக்கு எதை விடுவது, மனிதர் கையில் எதை வைத்துக்கொள்வது? இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் என் நான்கு வருடம். எனக்கு இதைவிட அழகான கேள்வி இல்லை.

இதில் பேராசிரியர்களும் உண்டு. எர்ன்ஸ்ட் மெஸ்ஸர்ஷ்மிட் 1985-ல் விண்வெளி ஓடத்தில் டி-1 பயணம் போனவர். அந்தப் பயணத்தின் ஆய்வுப் பணிகளை ஜெர்மனியில் ஓபர்ஃபாஃபன்ஹோஃபனிலிருந்தே இயக்கினார்கள். திரும்பி வந்து ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் விண்வெளி அமைப்புகள் துறைப் பேராசிரியர் ஆனார், பிற்பாடு கொலோனில் ஐரோப்பிய விண்வெளி வீரர் மையத்துக்குத் தலைவராகவும் இருந்தார். ரெய்ன்ஹோல்ட் எவால்ட் இயற்பியல் படித்தவர். 1997-ல் மிர் நிலையத்துக்குப் போனார், பிறகு அதே ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியர். மேலே போய் வந்தவர்கள் அங்கே வகுப்பறையில் நின்று பாடம் எடுத்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம், மாணவர்களே கோளை இயக்குகிறார்கள். ஸ்டுட்கார்ட்டின் ஃப்ளையிங் லேப்டாப் 110 கிலோ, 2017 ஜூலையில் போனது. பல்கலைக்கழகத்திலேயே கட்டுப்பாட்டு அறை. அமெரிக்காவில் கொலராடோ போல்டரில் கெப்ளர் தொலைநோக்கிக்குக் கமாண்ட் அனுப்பியவர்களில் இளங்கலை மாணவர்களும் உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்கள் செய்த டெல்ஃபி-சி3 ஏறிப்போனது நம் பிஎஸ்எல்வி-சி9-ல்தான், 2008 ஏப்ரல் 28, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து.

மத்தூர் கல் மண் · திங்கள், மாலை 4:10

இடையில் ஒன்று. நான் புவியியல் எம்.எஸ்சி. சந்திரயான் லேண்டரை இறக்கிப் பழகவும் ரோவரை ஓட்டிப் பழகவும் நிலா மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அது கிடைத்தது நமக்குப் பக்கத்தில், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில். அங்கே இருப்பது அனார்த்தசைட் பாறை. நிலாவின் மேட்டு நிலமும் அதே வகைப் பாறைதான். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் அந்த வேலையில் இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி கலைக்கல்லூரிகளெல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். அண்ணன் தங்கச்சியிடம் இதையும் சொல்லுங்கள்.

பர்கூர் வாத்தியார் · திங்கள், இரவு 8:45

காரிமங்கலத்துப் பெண் எழுதியதைப் படித்து நெஞ்சு நிறைந்தது. ஆனால் நான் பொறியியல் கல்லூரியில் பதினாறு வருடமாகப் பாடம் எடுப்பவன். மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

முதல் விஷயம், ஏரோஸ்பேஸ் என்ற பெயர் போட்ட பட்டத்துக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். இஸ்ரோ தன் ஐசிஆர்பி என்ற ஆளெடுப்புத் தேர்வில் விஞ்ஞானி 'எஸ்சி' என்ற தொடக்க நிலைப் பதவிக்குப் பெரும்பாலும் எடுப்பது எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களைத்தான். குறைந்தது 65 சதவீதம் வேண்டும், அடிப்படைச் சம்பளம் 56,100. உங்கள் தங்கச்சியின் ஈசிஇ அதற்கு நேராகப் பொருந்தும். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில், அதே எலெக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேஷன்.

இரண்டாவது, நம் நாட்டில் விண்கல இயக்கம் என்று தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததில்லை. ஏரோஸ்பேஸ் துறைகளே எண்ணிக்கையில் குறைவு: பெங்களூர் ஐஐஎஸ்சி, சென்னை, மும்பை, கான்பூர், காரக்பூர் ஐஐடிகள், குரோம்பேட்டை எம்ஐடி, வலியமலா, இன்னும் சில. அவற்றுக்குள் ஒரு பேராசிரியர் சுற்றுப்பாதை இயக்கவியல் செய்வார், ஒருவர் கட்டுப்பாட்டியல் செய்வார். உதவிப் பேராசிரியர் இடம் ஒன்று காலியானால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி) முடித்தவர்கள். பிஎச்டி ஐந்து வருடம், போஸ்ட்டாக் மூன்று வருடம், அதற்குப் பிறகும் இடம் நிச்சயமில்லை. ஒன்றரை ஏக்கர் வீட்டில் எட்டு வருடம் என்பது சாதாரண விஷயமா?

என் யோசனை, முதலில் வேலை. இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் 1984-ல் வேலையில் சேர்ந்தவர், 2001-ல்தான் காரக்பூரில் பிஎச்டி. முன்னாள் தலைவர் கே. சிவன் 1982-ல் சேர்ந்து 2006-ல் மும்பை ஐஐடியில் பிஎச்டி வாங்கினார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். டிப்ளமோவில் ஆரம்பித்தவர், இஸ்ரோவில் இருந்துகொண்டேதான் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றார். சோறு போட ஒரு வேலை இருந்தால் ஆராய்ச்சியைப் பயமில்லாமல் செய்யலாம்.

காரிமங்கலத்துக்காரி · திங்கள், இரவு 10:50

சார், நீங்கள் சொன்ன மூன்று பேரையும் மதிக்கிறேன். ஆனால் ஐசிஆர்பி எழுதித் தேர்வானால் எந்த மையத்தில் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. மகேந்திரகிரியில் என்ஜின் சோதனைக்கும் போகலாம், ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் போகலாம். இந்தப் பெண்ணுக்குக் கேள்வி தெளிவாக இருக்கிறது. பத்தொன்பது வயதில் இவ்வளவு தெளிவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

பணக்கணக்கு சொல்கிறேன். கேட் எழுதி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்டி சேர்ந்தால் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. இங்கே ஜெர்மனியில் பிஎச்டி என்பதே சம்பளத்தோடு கூடிய வேலைதான். இடம் கிடைத்தால் யாருக்கும் 18 லட்சம் கொடுக்க வேண்டியதில்லை. மாஸ்டர்ஸுக்கு வந்தால் மட்டும் செலவு. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம், விசாவுக்கு வங்கியில் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். அதனால் எம்.டெக்கை ஊரிலேயே உதவித்தொகையோடு முடித்துவிட்டு பிஎச்டிக்கு வெளியே வருவது நம் வீடுகளுக்குத் தாங்கும். நான் அப்படித்தான் வந்தேன்.

அமெரிக்கா பற்றி ஒன்று. அங்கே படிக்கலாம், ஆனால் விண்கலத் தொழில்நுட்பம் ஆயுத, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்குள் வருகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்குப் பல வேலைகளின் கதவு திறக்காது. ஆள் அனுப்பும் அலுவலகங்கள் இதைச் சொல்வதில்லை.

பர்கூர் வாத்தியார் · செவ்வாய், காலை 7:20

உதவித்தொகையோடு இங்கேயே எம்.டெக், அப்புறம் பிஎச்டிக்கு வெளியே. இந்த வரிசையை ஒப்புக்கொள்கிறேன். நான் பயந்தது அந்த 18 லட்சத்துக்கு. ஆனால் எம்.டெக் இரண்டாம் வருடத்தில் ஐசிஆர்பி அறிவிப்பு வந்தால் அதையும் எழுதட்டும். ஒரு வழியை மூடிவிட்டுத்தான் இன்னொன்றில் போக வேண்டுமென்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஓசூர் பழைய ஷிப்ட் · செவ்வாய், காலை 9:00

இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். எந்த வழியில் போனாலும் நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் கேட்கப்போவது, "நீ எதை இயக்கியிருக்கிறாய்?" பதில் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு, இரண்டு கோள்களை மேலேயே இணைத்த ஸ்பேடெக்ஸ் திட்டத்தைப் பாருங்கள். தலா 220 கிலோவில் இரண்டு கோள்கள், 2024 டிசம்பர் 30-ல் போயின. ஜனவரி 7 இணைப்பு என்றார்கள், 9-க்குத் தள்ளினார்கள். நெருங்கும்போது எதிர்பார்த்ததைவிட விலகல் அதிகம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் 3 மீட்டர் வரைக்கும் கொண்டுபோய், மறுபடி பின்னால் நகர்த்தி, தரவையெல்லாம் பார்த்து, 16-ஆம் தேதிதான் இணைத்தார்கள். 3 மீட்டர் வரை போய்த் திரும்புவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மேகா-டிராபிக்ஸ் எனக்கு இன்னும் பிடித்தது. 2011-ல் போன கோள். கட்டுப்பாட்டோடு கீழே இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. மீதியிருந்த சுமார் 125 கிலோ எரிபொருளைக் கணக்குப் போட்டு, படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலில் ஆள் இல்லாத இடத்தில் இறக்கினார்கள். செய்தித்தாளில் சின்னதாக வந்தது. எனக்கு அது ஏவுதலுக்குச் சமம்.

பாப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி: ஒரு பாஸைப் பிடித்துக் காட்டட்டும்.

காவேரிப்பட்டணம் மொட்டை மாடி · செவ்வாய், மாலை 6:30

அதற்கு நான் உதவுகிறேன். ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன். அனுப்பத்தான் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், நீங்கள் கேட்டுப் பழகுவதோடு தொடங்குங்கள். ஆன்டெனா செய்யத் தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப் ஒன்று, பி.வி.சி. பைப் ஒன்று, ரேடியோ அலையை வாங்க லேப்டாப்பில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று போதும். 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மாணவர்கள் செய்த சின்னக் கோள்கள் மோர்ஸ் ஒலி அனுப்பிக்கொண்டிருக்கும். டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் செய்து 2003-ல் அனுப்பிய ஒரு கிலோ கோள் 20 வருடம் தாண்டியும் பேசியது.

டேப்பை வெட்டும்போது அரை அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவில் முன்னால் வரும் துண்டுகள் கொஞ்சம் குட்டை, பின்னால் இருப்பது கொஞ்சம் நீளம். வெட்டிய முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், கையைக் கிழித்துவிடும்.

பாலக்கோடு மண்டிக்காரன் · சனி, இரவு 10:15

நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் பாஸ் பிடித்ததை எழுதாமல் தூக்கம் வரவில்லை.

ஆன்டெனாவைத் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். லேப்டாப் தண்ணீர்த் தொட்டி மேல். நான் கைக்கடிகாரத்தோடு பக்கத்தில். நேரம் வந்தது, வெறும் இரைச்சல். மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக. ஒரு நிமிடம் போனது. ஆன்டெனாவைக் கொஞ்சம் வடக்கே திருப்பினாள். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு விசில். விட்டு விட்டு. திரையில் ஒரு மெல்லிய கோடு புள்ளி புள்ளியாக இறங்க ஆரம்பித்தது. விசிலின் சுருதியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போனது, ரயில் நம்மைத் தாண்டிப் போகும்போது கேட்குமே, அப்படி. ஆன்டெனாவோடு அவளும் மெதுவாகத் திரும்பினாள். எட்டு நிமிடம். தெற்கே கோடு மங்கி நின்றுவிட்டது.

அம்மா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மேல இருந்தா வருது?" என்று மட்டும் கேட்டார். மாமாவுக்கும் பதிவைப் போட்டுக் காட்டினேன். குரூப் தேர்வு பற்றி அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

தங்கச்சி இனி அவளே எழுதுவாள்.

ஈசிஇ இரண்டாம் வருடம் · ஞாயிறு, காலை 11:30

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் ஐயாவுக்கு ஒரு கேள்வி.

பதிவிலிருந்து அதிர்வெண்ணை நொடிக்கு நொடி குறித்து வரைபடம் போட்டேன். டாப்ளர் வளைவு, அதாவது கோள் நெருங்கி விலகும்போது அதிர்வெண் மாறுவதைக் காட்டும் கோடு, எஸ் எழுத்தைச் சாய்த்த மாதிரி வந்தது. மேலே கீழே ஏறக்குறைய 9 கிலோஹெர்ட்ஸ். கோடு மிகச் செங்குத்தாக விழும் இடம்தான் கோள் எனக்கு மிக அருகில் வந்த நேரம் என்று புரிந்தது. ஆனால் மென்பொருள் முன்கூட்டிச் சொன்ன நேரத்துக்கும் எனக்குக் கிடைத்த நேரத்துக்கும் 6 நொடி வித்தியாசம். நான் எங்கே தப்பு செய்தேன்?

ஓசூர் பழைய ஷிப்ட் · ஞாயிறு, பிற்பகல் 12:10

தப்பு செய்ததாக ஏன் முடிவு கட்டினாய் பாப்பா? 6 நொடியில் அந்தக் கோள் 45 கிலோமீட்டர் போயிருக்கும். வித்தியாசம் மூன்று இடத்திலிருந்து வரலாம். டாங்கிள் சூடாகி அதிர்வெண் நகர்ந்திருக்கலாம். லேப்டாப் கடிகாரம் பிசகியிருக்கலாம். நீ பயன்படுத்திய சுற்றுப்பாதைத் தரவு பழசாக இருக்கலாம். எது என்று நீயே பிரித்துக் காட்டு. அந்த ராத்திரி நாங்கள் சென்சாரையும் பேட்டரியையும் பிரித்த மாதிரி.

ஈசிஇ இரண்டாம் வருடம் · திங்கள், இரவு 9:05

பிரித்துவிட்டேன் ஐயா.

டாங்கிள் இல்லை. அது நகர்ந்தால் வளைவு முழுவதும் மேலேயோ கீழேயோ போகும், செங்குத்தாக விழும் நேரம் அநேகமாக மாறாது. தரவின் தேதியைப் பார்த்தேன், 9 நாள் பழசு. வெள்ளிக்கிழமைக்கு உரிய புதுத் தரவைப் போட்டு மறுபடி கணக்கிட்டேன். வித்தியாசம் 6-லிருந்து 2 நொடியாகக் குறைந்தது. காற்று இழுத்ததில் கோள் கொஞ்சம் தாழ்ந்து, சுற்று சுருங்கி, பழைய கணக்கைவிடச் சீக்கிரமாகவே வந்திருக்கிறது. மீதி 2 நொடி லேப்டாப் கடிகாரம். இணையத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக அந்த அளவு பின்தங்கியிருந்தது.

காரிமங்கலத்துக்காரி · திங்கள், இரவு 9:40

அந்த 4 நொடியிலிருந்து மேலே காற்று எவ்வளவு அடர்த்தி என்று பின்னோக்கிக் கணக்கிட முடியுமா என்று யோசித்துப் பார். ஒரு மாதம் தினமும் பிடித்தால் அதற்குத் தேவையான தரவு சேரும். சுற்றுப்பாதைக் கணக்குக்கு நாசாவின் ஜிமேட், பிறகு ஓரிகிட், இரண்டும் இலவச மென்பொருள். ஓரிகிட்டை பைத்தானிலிருந்தே ஓட்டலாம். உன் வரைபடத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு, எங்கள் குழுவில் காட்ட அனுமதி வேண்டும்.

பர்கூர் வாத்தியார் · செவ்வாய், காலை 6:50

மூன்றாம் வருட மினி பிராஜெக்டுக்கு இதையே வை அம்மா. கடையில் விலைக்கு வாங்கும் பிராஜெக்ட் வேண்டாம். உன் துறைத்தலைவர் ஒப்புக்கொள்ளத் தயங்கினால் சொல், நான் அவருக்கு எழுதுகிறேன். கேட் பாடங்களில் சிக்னல்ஸ், கன்ட்ரோல் இரண்டையும் இப்போதே ஆரம்பித்துவிடு.

ஈசிஇ இரண்டாம் வருடம் · வியாழன், இரவு 7:25

சரிங்க சார். அக்கா, அனுப்பிவிட்டேன்.

இன்று சாயங்காலம் 5:52 பாஸ். கிளம்புவதற்கு முன் கடிகாரத்தைச் சரிசெய்தேன், தரவு இன்று காலையுடையது. வித்தியாசம் 0.4 நொடி. முதல் 40 நொடி கிடைக்கவில்லை, வடமேற்கில் பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்கிறது. அண்ணன் நாளைக்கு இன்னும் ஆறடி பைப் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த பாஸ் காலை 5:31. அண்ணன் மண்டிக்குப் போயிருப்பார், கடிகாரம் பார்க்க அம்மா வருகிறார்.